உதிராத மண்

டொக். டொக். சர்ர்ர்.

டீ வடிகட்டியின் விளிம்பில் ஒரு விரல் தட்டும். சலித்த மண் காகிதத்தின் மேல் இறங்கும். தூரத்தில் யாரோ மழையை மெல்ல அவிழ்த்துவிடுவது போலிருக்கும் அந்தச் சத்தம். கேட்டு எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. இன்றும் ஒரு வடிகட்டியைக் கையில் எடுத்தால், என் காது முதலில் அதைத்தான் கேட்கிறது.

வடிகட்டி என்னுடையது. விரல் என் கணவருடையது.

அவர் லிஃப்ட் கம்பெனியில் மேற்பார்வையாளராக இருந்தவர். வாழ்நாள் முழுக்க மனிதர்களைத் தரையிலிருந்து தூக்கியே சம்பாதித்தவருக்கு, ஓய்வு பெற்றதும் தரை மேல் காதல் வந்துவிட்டது.

முதலில் காதலித்தது வண்டிகளைத்தான். லாரி, ஜீப், ரோடு உருளை என்று முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவில் பிளாஸ்டிக் துண்டுகளாக வாங்கிவந்து, ஒட்டி, வண்ணம் பூசுவார். அந்த உலகத்தில் ஒரு மனிதன் என் சுண்டுவிரல் உயரம். லாரியை வெறும் பலகையில் நிறுத்தினால் அது பொம்மை. அதற்கென்று ஒரு சாண் நிலத்தைச் செய்து, சக்கரத் தடமும் சருகும் வைத்து, அதன் மேல் நிறுத்தினால் கதையே வேறு. டிரைவர் இப்போதுதான் இறங்கி எங்கோ சிகரெட் வாங்கப் போயிருக்கிறான் என்று தோன்றும்.

"தரை பொய் சொன்னா வண்டியும் பொய்" என்பார்.

அதனால் தரையைச் செய்தார். செய்துகொண்டே இருந்தார். எங்கள் சாப்பாட்டு மேசையில்.

ஜன்னலோர மேசை அது. காலை வெளிச்சம் முதலில் விழும் இடம். நான்கு நாற்காலிகள். மகள் கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போன பிறகு இரண்டு நாற்காலிகளே போதுமென்று ஆனது. நிலம் வந்த பிறகு அந்த இரண்டும் தேவைப்படவில்லை. நான் சமையல் மேடையில் சாய்ந்து நின்றபடியே சாப்பிட்டேன். அவர் எப்போது சாப்பிட்டார் என்பது எனக்குப் பாத்திரம் கழுவும்போதுதான் தெரியவரும்.

"சாப்பிட வாங்க."

"இதோ."

அந்த 'இதோ' ஒரு தூர தேசத்தின் பெயர். அங்கே போனவர் சீக்கிரம் திரும்பியதில்லை.

"ஏங்க, ஆறிப்போகுது!"

"தரைக்குக் குழைச்ச பிளாஸ்டர் இறுகிடும்மா!"

"பிளாஸ்டர் முக்கியமா, சாப்பாடு முக்கியமா?"

"சாப்பாட்டைச் சூடு பண்ணலாம். இறுகின பிளாஸ்டரைக் கரைக்க முடியுமா, சொல்லு பார்ப்போம்."

விஞ்ஞானப்படி அவர் பக்கம்தான் நியாயம் இருந்தது.

வடிகட்டிக்குப் பின்னால் மாவுச் சல்லடை போனது. பாத்திரம் தேய்க்கும் பச்சை நார் கிழிபட்டுப் புதரானது. காய்ந்த தேயிலை உதிர்ந்த சருகானது. ஒரு நாள் டீயைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"டீல மண்ணு கிடக்குது."

"நீங்க மண்ணுல டீயைப் போட்டீங்க. அதான் அது பதில் மரியாதை செய்யுது."

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவர் செய்த நிலம் சாதாரணமானதல்ல. ஒரு மத்தியானம் அவர் தூங்கும்போது, மேசை விளிம்பில் தாடையை வைத்து அதைப் பார்த்தேன். சக்கரம் அழுத்திய பள்ளம். அதில் தேங்கிய மழைநீர். அந்த நீருக்குள் எங்கள் வீட்டு ஜன்னல், நகமளவு. விரலை வைத்துப் பார்த்தேன். நனையவில்லை. நனையாதது எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

அவருக்குக் குறை இருந்தது. "தண்ணி செஞ்சிட்டேன். ஈரம் வரமாட்டேங்குது" என்று புலம்புவார். "மழை நின்னு ஒரு மணி நேரம் கழிச்சு மண்ணு இருக்குமே, அந்த நிலை. அது வந்துட்டா நான் செத்தாலும் பரவாயில்லை."

"முதல்ல சாப்பிட்டுட்டுச் சாவுங்க."

"இதோ."

இப்படியே போயிருக்கும். ஒரு காலை அவர் துளை போடும் மிஷினோடு கூடத்துக்கு வந்து நின்றார். முகத்தில் சாம்ராஜ்யம் ஒன்றை நிறுவப் போகிற தேஜஸ்.

"நூறு வருஷம் நிக்கற தரை ஒண்ணு செய்யப் போறேன். வெடிக்காது, உதிராது, நிறம் வெளுக்காது. எங்க மாடல் சங்கத்துக் கண்காட்சில வைக்கப் போறேன்."

"சந்தோஷம். மிஷின் எதுக்கு?"

"பிடிகருவி ஒண்ணு, விளக்கு ஒண்ணு. மேசையில நிரந்தரமா பூட்டணும். நாலே நாலு துளை."

"இது சாப்பிடற மேசைங்க."

"அதான் இதுல யாரும் சாப்பிடறதே இல்லையே!"

அப்படியொரு நேர்மையான முகத்தோடு அதைச் சொன்னார். மேசை மேல் மண் கிடந்தால் என்றாவது ஒரு நாள் துடைத்துவிடலாம். எதிரெதிரே இரண்டு தட்டு வைத்துவிடலாம். துளையை எந்தத் துணியால் துடைப்பது?

"ஒரு பந்தயம்" என்றேன்.

"என்ன பந்தயம்?"

"உங்களுக்கு நிஜ மண்ணு எது, செஞ்ச மண்ணு எதுன்னு பார்த்தவுடனே தெரியுமா?"

"தெரியுமாவா? தூக்கத்துல எழுப்பிக் கேளு."

"ஒரே அளவுல ரெண்டு சட்டம். ஒண்ணுல பின்பக்கத்துக் காலி மனையிலிருந்து அப்படியே வெட்டி எடுத்த மண்ணு. இன்னொண்ணுல செஞ்சது. கை வைக்கக் கூடாது, மூக்கு வைக்கக் கூடாது, கண்ணு மட்டும். சரியா சொல்லிட்டீங்கன்னா நானே மிஷினைப் பிடிச்சுத் துளை போடறேன். தப்பா சொன்னா மேசை காலி. நிலமெல்லாம் பின்பக்கப் பால்கனிக்கு."

"செய்யறது யாரு?"

"அது என் கவலை. சாட்சிக்குப் பல் டாக்டரைக் கூப்பிடறேன்."

பல் டாக்டர் எங்கள் எதிர்வீட்டுக்காரர். இவரை விட இளையவர். மாடல் சங்கத்தின் தலைவர். அந்தப் பெயரைக் கேட்டதும் இவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"ஓ, அவர்தான் செய்யறாரா? அவர் தரையெல்லாம் பல்லுக்கு அடைக்கிற சிமென்ட் மாதிரி இருக்கும்மா! எடு பந்தயத்தை."

நான் மறுக்கவும் இல்லை, ஆமோதிக்கவும் இல்லை. சாம்ராஜ்யம் நிறுவுகிறவர்கள் தாங்களே கற்பித்துக்கொள்வதைக் கலைக்கக் கூடாது.

மறுநாள் கொத்துக்கரண்டியோடு பின்பக்க மனைக்குப் போனேன். வெட்டுவதற்கு முன் முழங்காலிட்டு உட்கார்ந்து பார்த்தேன். அவ்வளவு கிட்டத்தில் மண்ணை நான் அதுவரை பார்த்ததில்லை. 'மண்' என்று ஒரே சொல்லால் அத்தனை நாள் அதை அவமதித்திருக்கிறேன். மேலே பொருக்கு. பொருக்கில் வெடிப்பு. வெடிப்பின் உதட்டில் பாசி. செங்கல் பொடி, நத்தை ஓட்டின் வெள்ளைத் துணுக்கு, யார் சட்டையிலிருந்தோ விழுந்த நீல நூல். எறும்பு வாசலைச் சுற்றி வளையமாக ஒரு சின்ன மதில். அதன் ஒவ்வொரு பொடியையும் யாரோ ஒருவர் வாயில் சுமந்து வெளியே கொண்டுவந்திருக்கிறார். எனக்கு எழுந்திருக்கவே மனம் வரவில்லை.

இதைப் போல என்னால் செய்ய முடியாது. யாராலும் முடியாது.

நொந்துபோய்த்தான் மாடி ஏறினேன். அப்போது கடைக்குக் கிளம்பிப் படியிறங்கி வந்த என் கணவர், வாசலில் ஒரு கூழாங்கல்லைப் பார்த்து நின்றார். "இது என்ன, அளவுக்கு மீறிப் பெரிசா இருக்கு?" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு தாண்டிப் போனார்.

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மூன்று வருடமாக அவர் நிஜத் தரையைப் பார்க்கவே இல்லை! மணலின் ஒரு பொடி அவருக்குக் கூழாங்கல். கூழாங்கல் அவருக்குப் பாறை. அவர் கண் முப்பத்தைந்தில் ஒரு பங்காகிப் போயிருந்தது.

ஆகவே காலி மனையை நான் காப்பியடிக்கவில்லை. என் கணவரின் தலைக்குள் இருந்த நிலத்தைச் செய்தேன்.

துணி காயப்போடும் பால்கனிதான் என் பட்டறை. அவருடைய மத்தியானத் தூக்கம்தான் என் வேலை நேரம். என் வடிகட்டியை நானே திருட வேண்டியிருந்தது. முதல் பலகை இரண்டே நாளில் அப்பளம் போல வளைந்து, பிளாஸ்டர் வெடித்தது. அப்புறம்தான் அவர் ஓயாமல் சொல்வது நினைவுக்கு வந்தது: பலகைக்கு மேலேயும் கீழேயும் வார்னிஷ் பூசாவிட்டால் அது ஒரு பக்கமாக ஈரம் குடித்து முறுக்கிக்கொள்ளும். இரண்டாவதற்கு இரண்டு பக்கமும் பூசினேன். பிளாஸ்டரில் பழுப்பு வண்ணத்தைக் கலந்தே குழைத்தேன். எங்காவது மூலை உடைந்தாலும் வெள்ளைப் பல் தெரியக் கூடாதே. மண்ணை வாணலியில் போட்டு வறுத்தேன். இல்லாவிட்டால் அதற்குள் உறங்கும் முட்டையும் விதையும் ஒரு நாள் விழித்துக்கொள்ளும். பிறகு சலித்துத் தூவி, தண்ணீர் கலந்த பசையைச் சொட்டினேன். பசை மண்ணுக்குள் இறங்காமல் முத்து முத்தாக உருண்டு ஓடியது.

சாயங்காலம் அப்பாவியாகக் கேட்டேன்.

"ஏங்க, காஞ்ச மண்ணுல தண்ணி ஊத்தினா ஏன் உருண்டு ஓடுது?"

"தண்ணிக்கு ஒரு தோல் இருக்கு. அதை உடைக்கணும். பாத்திரம் தேய்க்கற சோப்பு ஒரே ஒரு சொட்டு கலந்து பாரு, அப்படியே உள்ள இறங்கிடும்." சட்டென்று தலை நிமிர்ந்தது. "எதுக்குக் கேக்கற?"

"பூந்தொட்டிக்கு."

"பூந்தொட்டிக்குச் சோப்பா? செடி செத்துடும்மா."

"சரி, செடி இல்லாத தொட்டிக்குன்னு வச்சுக்கோங்க."

"அப்பச் சரி" என்று மறுபடி குனிந்துகொண்டார்.

ஒரு சொட்டுச் சோப்பு. பசை மண்ணுக்குள் மூச்சு விடாமல் இறங்கியது. மறுநாள் தடவிப் பார்த்தேன். மண் கல்லாகியிருந்தது. ஆனால் பார்வைக்கு மண்ணாகவே இருந்தது. என் கையால் ஒரு சாண் பூமி! யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்லக் கூடிய ஒரே ஆள் உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

ஈரம் பாக்கி. மகளின் அலமாரியில் அவள் விட்டுப்போன நகப்பூச்சு ஒன்று கிடந்தது, நிறமில்லாதது. மெல்லிய தூரிகையால் பள்ளங்களின் அடியில் மட்டும் தொட்டுத் தொட்டு வைத்தேன். ஓரத்தில் பஞ்சால் ஒற்றி மங்கவைத்தேன். பளபளப்பு போயும் போகாமல் நின்றது. மழை நின்று ஒரு மணி நேரம் ஆகியிருந்தது என் நிலத்தில்.

ஞாயிற்றுக்கிழமை காலை. மேசையின் ஒரு பாதியை ஒழித்து வெள்ளைத் துணி விரித்து, இரண்டு சட்டங்களையும் வைத்தேன். இடது பக்கம், விடியலில் வெட்டிவந்த காலி மனை. வலது பக்கம் நான். பல் டாக்டரிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். அவர் கிளினிக்கில் போடும் முகத்துணியோடு வந்தார்.

"எதுக்கு டாக்டர் வாயை மூடியிருக்கீங்க?"

"லேசா சளி அண்ணே" என்றார். சளிக்குத் தோள் குலுங்குமா?

என் கணவர் நெற்றியில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேசையைச் சுற்றி வந்தார். மிஷின் தயாராக நாற்காலியில் இருந்தது. இவர் ஒரு நிமிடம், ஒரே நிமிடம், லிஃப்ட் கம்பெனிக்காரராக மாறி மண்ணை மண்ணாகப் பார்த்துவிட்டால் எல்லாம் முடிந்தது. அப்புறம் ஆயுளுக்கும் சமையல் மேடைதான்.

இடது பக்கம் குனிந்தார். உடனே உதடு பிதுங்கியது.

"டாக்டர், மனசுல வச்சுக்காதீங்க. இது செஞ்சது."

"எப்படிச் சொல்றீங்க அண்ணே?"

"இந்தக் கல்லைப் பாருங்க. இவ்வளவு பொடி மண்ணுல இவ்வளவு பெரிய கல்லு வருமா? அளவே பழகாத கை. புல்லைப் பாருங்க. ஒரு மூலையில நாலு, மத்த இடமெல்லாம் மொட்டை. இயற்கை இப்படிக் கஞ்சத்தனம் பண்ணுமா? அப்புறம் இந்த நீல நூல். உங்க சட்டை நூல்தானே? வேலை செய்யறப்ப விழுந்திருக்கு, கவனிக்கல."

"கவனிக்கல அண்ணே" என்றார் டாக்டர் முகத்துணிக்குள்.

அந்த நேரம் பார்த்து மண்ணிலிருந்து ஓர் எறும்பு தலையை நீட்டியது. என் வாய் முந்திக்கொண்டது.

"ஏங்க... எறும்பு."

"வராம என்ன செய்யும்? மலிவுப் பசை. சர்க்கரை கலந்திருக்கும்."

எறும்பு ஒரு பொடியைக் கவ்விவந்து வெளியே வைத்துவிட்டு, உள்ளே போனது.

"பாருங்க டாக்டர்! எறும்புக்கே உங்க வேலை பிடிக்கல. பிரிச்சு எடுக்குது."

டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிப் பலமாக இருமினார்.

என் கணவர் வலது பக்கம் வந்தார். குனிந்தார். கண்ணாடியை மேலே ஏற்றினார், இறக்கினார், கழற்றியே விட்டார். தாடையை மேசை விளிம்பில் வைத்துக்கொண்டார். காலை வெளிச்சம் என் பள்ளங்களில் இறங்கி நின்றது. எங்கள் கல்யாண நாளில்கூட அவர் என்னை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

"இது மனுஷக் கை இல்லை" என்றார் கடைசியில். "கல்லுங்க ஒவ்வொண்ணும் சொல்லி வச்ச அளவுல உட்கார்ந்திருக்கு. அந்த ஈரத்தைப் பாருங்க. ராத்திரி பனி இறங்கியிருக்கு. இன்னும் கொஞ்சம் வெயில் ஏறினா காஞ்சிடும். அதுக்குள்ள நல்லா பார்த்துக்கோங்க டாக்டர். நாமெல்லாம் என்ன செஞ்சு என்ன? இதுக்கு முன்னாடி நம்ம வேலையெல்லாம் தூசு."

"முடிவா சொல்றீங்களா?" என்றேன்.

"முடிவு. வலது நிஜம். இடது டாக்டர். மிஷினை எடும்மா."

நான் மிஷினை எடுக்கவில்லை. வலது சட்டத்தை இரண்டு கையாலும் தூக்கினேன்.

"மெதுவா! மெதுவா! உதிர்ந்துடும்! வீடெல்லாம் மண்ணாகும்—"

வெள்ளைத் துணிக்கு மேலே பூமியைத் தலைகீழாகத் திருப்பினேன். நன்றாக உலுக்கினேன்.

ஒரு பொடி விழவில்லை.

வார்னிஷ் பூசிய அடிப்பலகை மேலே வந்து, அதில் அவர் முகம் மங்கலாகத் தெரிந்தது. பிறகு இடது சட்டத்தை ஒரே ஒரு விரலால் சாய்த்தேன். சர்ர்ரென்று மண் துணியில் கொட்டியது. எறும்பு தன் வீடு போன திசை தெரியாமல் ஓடியது. அதை மட்டும் காகிதத்தில் ஏந்தி ஜன்னலுக்கு வெளியே விட்டேன்.

டாக்டர் முகத்துணியைக் கழற்றினார். "அண்ணே, நான் இல்லை. அண்ணி."

என் கணவர் என்னைப் பார்த்தார். நிலத்தைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். மேசை போச்சே என்று ஒரு வார்த்தையாவது சொல்வார் என்று நினைத்தேன்.

"ஈரம்..." என்றார். "ஈரம் எப்படிம்மா வந்துச்சு?"

"மேசையைக் காலி பண்ணுங்க. சாப்பிடும்போது பேசிக்கலாம்."

அன்று மத்தியானத்துக்குள் எல்லா நிலமும் பால்கனிக்குக் குடிபெயர்ந்தது. மேசையை அவரே ஈரத் துணியால் துடைத்தார், இரண்டு தரம். நான் கூப்பிடுவதற்கு முன்னாலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். எதிரே நான். நடுவில் வெளிச்சம்.

"சொல்லு."

"ஒரு வேளைக்கு ஒண்ணுதான் சொல்வேன். பசை மண்ணுக்குள்ள எப்படி இறங்குச்சுன்னு இன்னிக்குச் சொல்றேன். ஒரு சொட்டு சோப்பு."

"அட! அது யாரு சொல்லிக் கொடுத்தது?"

"நீங்கதான். செடி இல்லாத பூந்தொட்டிக்கு."

வாய்க்குப் போன கை பாதியில் நின்றது. பிறகு சிரித்தார் பாருங்கள், புரையேறி நான் எழுந்து தலையில் தட்ட வேண்டியதாயிற்று.

ராத்திரிக்கு வறுத்த மண். மறுநாள் காலைக்கு வண்ணம் கலந்த பிளாஸ்டர். ரகசியத்துக்காக வந்தவர், வந்த இடத்தில் மற்றதையும் பேசினார். இரண்டு மாடிக்கு நடுவே நின்றுபோன லிஃப்டுக்குள் அரை நாள் மாட்டிக்கொண்டு, தெரியாத ஒரு பெரியவரோடு சேர்ந்து பாட்டுப் பாடியதைச் சொன்னார். இத்தனை வருடத்தில் அதை நான் கேட்டதேயில்லை. கண்காட்சிக்கு அவருடைய லாரி என் நிலத்தின் மேல் நின்றுதான் போனது. எல்லோரும் குனிந்து குனிந்து பார்த்தார்கள். லாரி என்ன நிறம் என்று கேட்டால் ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இவர் பக்கத்தில் நின்று, "தரை வீட்டுல செஞ்சது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ரகசியங்கள் தீர்ந்துபோகாமல் இருக்க நான் புதிது புதிதாக நிலம் செய்ய வேண்டியிருந்தது. ஆற்றங்கரை, பழைய நடைபாதை, பனி உருகும் தோட்டம். ஒவ்வொன்றிலும் இரண்டு வாரச் சாப்பாட்டுக்குச் சரக்கு இருந்தது. ஈரத்தை மட்டும் நான் சொல்லவில்லை. ஒவ்வொரு வேளையும் கடைசியில் அதைத்தான் கேட்பார். வண்ணப் பெட்டியில் இருந்த புட்டிகளையெல்லாம் முகர்ந்து பார்த்தார். "நாளைக்கு" என்பேன்.

அவர் இருந்த வரைக்கும், ஒரு வேளைகூட நான் அவரைச் சாப்பிடக் கூப்பிட வேண்டியிருந்ததில்லை.